சொர்ணத்தின் பாதங்கள் கழுவப்பட்ட விதம்

மயிலாப்பூரில் இரக்கத்துக்கென்று தனிப் பாடவேளை வைத்திருக்கும் பள்ளி, எனக்குத் தெரிந்து, தூய அடைக்கல அன்னை தொடக்கப்பள்ளி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஆறாவது பீரியட். ஐந்தாவது கணக்கு, ஏழாவது விளையாட்டு, நடுவில் இரக்கம். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் டீச்சர் இரக்கத்திலிருந்துதான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். விளையாட்டிலிருந்து எடுத்தால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்.

அந்தப் பீரியடில் நடப்பது இதுதான். பிள்ளைகள் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு வரிசையாக கேட்டுக்கு வெளியே வருவார்கள். பள்ளியின் மதில் சுவரை ஒட்டிப் பிளாட்பாரத்தில் வாழும் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். கொடுத்ததும் போய்விடக் கூடாது. வாங்கியவர் சிரிக்கும்வரை நிற்க வேண்டும். சிரிப்பைப் பார்த்துவிட்டு டீச்சர் டிக் அடிப்பார். டிக் வாங்கிய பிள்ளைக்கு ரிப்போர்ட் கார்டில் இரக்கம் ‘ஏ’ கிரேடு. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் அந்தப் பிளாட்பாரத்துக்காரர்களுக்கு வாய் வலிக்கும், அக்கம்பக்கத்து மாடுகளுக்கு வயிறு நிறையும்.

பிளாட்பாரத்துக்காரர்கள் என்று நான் எழுதுகிறேன். பள்ளிக்குள் அப்படிச் சொன்னால் தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம் முகம் சுளிப்பார். தி.நகரில் ஒரு குளுகுளு ஓட்டலில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, ‘வீடின்மை என்னும் அனுபவத்தினூடாகப் பயணித்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகள்’ என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் சகோதரி எழுந்து வேலைக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட சகோதரிகளில் ஒருத்திதான் சொர்ணம். பிறந்தது, வயதுக்கு வந்தது, கல்யாணமானது, தாலியறுத்தது எல்லாம் அதே பிளாட்பாரத்தில். பக்கத்து மெஸ்ஸுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். மதில் சுவரில் ஆணியடித்துக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அவளும் மகள் தமிழ்நிலாவும் இருந்தார்கள். தமிழ்நிலா அந்த மார்ச் மாதம்தான் பெண் குழந்தை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள்.

இவ்வளவு பேரும் அங்கே பிழைத்துக் கிடந்ததற்கு ஒரே காரணம், அந்தச் சுவரில் தெருவைப் பார்த்து இருந்த ஒரு குழாய். சுவரைக் கட்டிய காலத்தில் இருந்த யாரோ ஒரு பாதிரியார் வைத்தது. அவர் பெயரைப் பள்ளியின் கல்வெட்டுகள் எதிலும் காணோம். அந்தக் காலத்தில் இரக்கத்துக்குப் பீரியட் இல்லாததால் மனிதர் ஏதோ தெரியாத்தனமாகக் குழாயை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

குழாய்க்கு வினை வந்தது கேடயத்தால். அந்த மண்டலத்துக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளுக்குள் ஆண்டுதோறும் ‘இரக்கக் கேடயம்’ என்றொரு போட்டி நடக்கும். தொடர்ந்து அதைத் தட்டிக்கொண்டு போனது பெசன்ட் நகர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று. அங்கே பிள்ளைகளை மொட்டை மாடியில் கூடாரம் போட்டு, கொசு பேட்டும் ஸ்வெட்டரும் கொடுத்து, ஓர் இரவு வீடின்மையை அனுபவிக்க வைத்திருந்தார்கள். அடைக்கல அன்னைப் பள்ளியின் தாளாளர் அருட்தந்தை இன்னாசிமுத்துவுக்கு அந்தக் கேடயம் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்த ஆண்டு எப்படியும் வாங்குவது என்று முடிவு செய்தார்.

முதல் வேலையாக, தெருப்பக்கச் சுவரில் சித்திரம் தீட்ட ஏற்பாடானது. கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கும் காட்சி. ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் சினிமா பேனர் எழுதிய புகழேந்தி வந்து அளந்து பார்த்தார்.

“ஃபாதர், கொழா கரெக்டா ஆண்டவர் முட்டிக்கு நேரா வருது.”

“ஆண்டவரைக் கொஞ்சம் நகர்த்த முடியாதா?”

“நகர்த்தினா சமாரியப் பொண்ணு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால போய்டும்.”

“அப்ப குழாயை எடுத்துடுங்க” என்றார் ஃபாதர். அன்று மாலையே பிளம்பர் வந்து குழாயைப் பிடுங்கி, துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார். ஆண்டவரின் முழங்கால் அம்சமாக அமைந்தது.

சித்திரத்தைக் குறை சொல்ல முடியாது. கிணற்றில் தண்ணீர் அப்படிப் பளபளத்தது. முதல்நாள் தெருநாய் ஒன்று அதை நக்கிப் பார்த்துவிட்டு, புகழேந்தியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

சொர்ணமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “கெணறு ஷோக்கா கீது நைனா. தண்ணி எங்க புடிக்கிறது?”

“நான் பெயிண்டர்தான்க்கா” என்றார் புகழேந்தி. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சமாரியப் பெண்ணின் குடத்தில் கூடக் கொஞ்சம் தண்ணீர் வரைந்துவிட்டுப் போனார்.

அடுத்த தண்ணீர் என்றால் தெரு முனையைத் தாண்டி, மெயின் ரோட்டைக் கடந்து, குடியிருப்பு ஒன்றின் வாசலில் வைத்திருந்த லாரித் தண்ணீர்த் தொட்டிதான். அங்கே குடியிருப்புக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள். பிடித்து முடித்த பிறகு தொட்டியில் சத்தம் மட்டும் இருக்கும். வெயிலோ மண்டையைப் பிளந்தது. பச்சைக் குழந்தை வேர்க்குருவோடு வீறிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், அதற்குக் குழாய் திரும்ப வேண்டும். சொர்ணத்துக்கு இந்த உலகத்திடம் வேறு கோரிக்கை எதுவும் இருக்கவில்லை.

கேட்டில் போய் நின்றாள். வாட்ச்மேன் தனபாலன் அவளுக்குத் தெரிந்தவன்தான். “யக்கா, நான் இன்னா பண்ணுவேன். ஜெசிந்தா டீச்சர்ட்ட சொல்லு. ஏழைங்க மேட்டரெல்லாம் அவங்கதான் பாக்கறாங்க” என்று உள்ளே விட்டான்.

ஜெசிந்தா டீச்சர் அந்தப் பள்ளியின் விசுவாச வாழ்வு ஒருங்கிணைப்பாளர். அன்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கேடயத்துக்கான முக்கிய நிகழ்ச்சி பாதம் கழுவும் விழா. இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கோயிலில் செய்வதைப் போல, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு ஏழைகளின் பாதங்களைக் கழுவ வேண்டும். போன ஆண்டு பெற்றோர்கள் தங்கள் வீட்டு டிரைவர்களையும் வேலைக்காரம்மாக்களையும் அனுப்பிவைத்தார்கள். அவர்களில் பலருக்கு வாடகைக்காவது வீடு இருந்தது என்று நடுவர் குழு மார்க்கைக் குறைத்துவிட்டது. இந்த முறை வீடே இல்லாத அசல் ஆட்கள் வேண்டும்.

சொர்ணம் எதிரே நின்று சொன்னாள். “டீச்சரம்மா, கொயாவ அட்ச்சிட்டாங்கோ. எம் பொண்ணு பெத்துக்கினு வந்து கீது. பச்சக் கொயந்த. தண்ணி இல்லாம இன்னா பண்றது?”

ஜெசிந்தா டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிந்தது.

“உங்களுக்கு வீடு எதுவும் இல்லையே? கண்ணகி நகர், பெரும்பாக்கம், அங்கெல்லாம் கவர்மெண்ட் வீடு எதுவும் அலாட் ஆகலையே?”

“இல்ல டீச்சரம்மா.”

“நல்லது, நல்லது. கொஞ்சம் திரும்புங்க. குதிகாலைக் காட்டுங்க. ரொம்ப நல்லது.”

“கொயா?”

“விழா முடிஞ்சதும் பேசலாம்மா. ஃபாதர் கையாலேயே செஞ்சு தரச் சொல்றேன். உங்களை மாதிரி இன்னும் பதினோரு பேரைக் கூட்டிட்டு வாங்க.”

சொர்ணம் பிளாட்பாரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். காலைக் கழுவிவிட்டால் குழாய் வரும். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ரிக்‌ஷா ஓட்டும் டில்லிபாபு மட்டும், “நம்ம கால கழுவ அவங்களுக்குத் தண்ணி கீதா?” என்று கேட்டான். அவனும் வந்து சேர்ந்துகொண்டான்.

செய்தி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் தீப்பிடித்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். மகேஷ் என்ற தகப்பனார், மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், எழுந்து தாம் சேவைக்கு எதிரானவர் அல்ல என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். தோல் நிறத்தில் மெல்லிய கையுறை கிடைக்கிறது, போட்டோவில் தெரியாது என்றார்.

சிஸ்டர் அமலோற்பவம் அதை ஏற்கவில்லை. “கையுறை கூடாது. நம்ம குழந்தைங்க ஏழைகளைத் தொட்டே ஆகணும். அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ஏழைகளும் தொடற மாதிரி இருக்கணும். அது அவங்க பொறுப்பு. அவங்களால முடியலைன்னா, அந்தத் தகுதிக்கு அவங்களைக் கொண்டு வர்றதுதான் நம்ம கிறிஸ்தவக் கடமை” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அதாவது, பாதங்களைக் கழுவுவதற்கு முன்னால் பாதங்களைக் கழுவிவிட வேண்டும். ஆழ்வார்பேட்டையில் அழகு நிலையம் நடத்தும் ஸ்வர்ணலதா, நாலாம் வகுப்பு மாணவியின் தாய், அந்தப் பணியை ஏற்றுக்கொண்டார். விழாவுக்கு மூன்று நாள் முன்னதாகப் பள்ளி வேனில் சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பன்னிரண்டு பேரையும் ஏற்றிப் போனார்கள். அங்கே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீர் நிறைந்த தொட்டியில் காலை வைக்கச் சொன்னார்கள். தண்ணீர் கறுத்ததும் ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் விட்டார்கள். மறுபடி ஊற்றினார்கள். சொர்ணம் தன் காலைப் பார்க்கவில்லை. சாக்கடைத் துளையில் சுழித்துக்கொண்டு இறங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, இத ஒரு கேன்ல புட்ச்சிக்கினு போவட்டா? கொயந்த துணி அலசலாம்” என்று அங்கே வேலை செய்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் முதலாளியம்மாவைப் பார்த்தாள். ஸ்வர்ணலதா, “இது யூஸ்டு வாட்டர்ம்மா, இன்ஃபெக்‌ஷன் ஆகும்” என்று அன்பாக மறுத்துவிட்டு, தொட்டியைக் காலி செய்தார்.

கால்கள் தேங்காய்ச் சில்லுபோல ஆயின. இப்போது அவை விழாவரைக்கும் அப்படியே இருக்க வேண்டுமே. பள்ளிக்குள் தங்கவைக்கலாமென்று யாரோ சொன்னதற்கு சிஸ்டர், “ராத்திரியில் அந்நியர்களைத் தங்கவைக்க நம் காப்பீட்டில் இடமில்லை” என்றார். ஆகவே பன்னிரண்டு பேருக்கும் வெள்ளைச் சாக்ஸ் கொடுத்து, பிளாட்பாரத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கால் வைக்க ஆளுக்கொரு முக்காலியும் கொடுத்தார்கள். தனபாலனைக் கால்களுக்குக் காவல் போட்டார்கள். அந்த வழியாகப் போன பஸ்காரர்களெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆண்டவரும் சமாரியப் பெண்ணும் கிணற்றடியில் நிற்க, அவர்களுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸோடு பன்னிரண்டு பேர் ராஜாக்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். குடிக்கத்தான் தண்ணீரில்லை.

மறுநாள் காலையில் தொட்டிக்கு லாரி வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. சொர்ணம் எழுந்தாள்.

“யக்கா, காலக் கீழ வெக்காத” என்றான் தனபாலன்.

“தண்ணி வந்துகீதுடா.”

“எம் பொயப்புல மண்ணப் போடாதக்கா. கால் அழுக்கானா என்னைத்தான் கேப்பாங்கோ.”

சொர்ணம் உட்கார்ந்தாள். தார்ப்பாய்க்குள்ளிருந்து தமிழ்நிலா வெளியே வந்தாள். தையல் பிரிக்காத உடம்பு. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். பெற்றவள் முக்காலியில் கால் நீட்டியிருக்க, பிள்ளை பெற்றவள் தண்ணீருக்குப் போகிறாள். சாக்ஸை மாட்டிவிட்டவர்களில் ஒருத்தராவது அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. இருந்திருந்தாலும் போட்டோதான் எடுத்திருப்பார்கள்.

சொர்ணம் சாக்ஸைக் கழற்றித் தனபாலன் மடியில் போட்டாள். ஓடிப்போய் மகள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினாள். திரும்பி வரும்போது அரைக் குடம் தண்ணீரும், முழங்கால்வரை சேறும்.

ஒத்திகையில் அந்தக் காலைப் பார்த்த ஜெசிந்தா டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. “ஒரு வேலை, சொர்ணம்மா. காலைச் சும்மா வெச்சிருக்கறதுதான் உங்க ஒரே வேலை.”

அப்போது வீடியோகிராபர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். “மேடம், இந்தம்மா கால்தான் ரியலா இருக்கு. மத்ததெல்லாம் ஏற்கெனவே கழுவின மாதிரி இருக்கு. திரும்பக் கழுவினா ஸ்கிரீன்ல என்ன தெரியும்?”

அனைவரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். சிஸ்டரை அழைத்தார்கள், சிஸ்டர் ஃபாதரை அழைத்தார். நடுவர்களுக்கு ஏழ்மை கண்ணில் பட வேண்டும், பிள்ளைகளின் கையில் பட்டுவிடக் கூடாது. நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் டிராயிங் டீச்சர் முல்தானி மட்டியையும் காபித்தூளையும் பன்னீரில் குழைத்துச் சுத்தமான அழுக்கு ஒன்றைத் தயாரித்தார். சொர்ணத்தின் காலிலிருந்த நிஜச் சேற்றை டெட்டால் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பூசிய அதே சேற்றை அவளுக்கும் பூசினார்கள். வாசனை நன்றாக இருந்தது.

பிறகு பன்னிரண்டு பேருக்கும் திருத்தூதர்களின் பெயர் எழுதிய பட்டைகளைத் தோளில் மாட்டினார்கள். பேதுரு, யோவான், அந்திரேயா என்று போனது. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மிச்சமிருந்தது. ஜெசிந்தா டீச்சர் யோசிக்கவேயில்லை. சொர்ணத்துக்கு மாட்டிவிட்டார்.

“இவரு யாரு டீச்சரம்மா?”

“அவரும் ஆண்டவரோட இருந்தவர்தான். என்ன, எப்பவும் எதையாவது எதிர்பார்த்துட்டே இருந்தார்.”

வசனமும் சொல்லிக் கொடுத்தார்கள். காலைக் கழுவிய பிள்ளை, “அம்மா, அல்லது ஐயா, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்று மைக்கில் கேட்கும். அதற்கு ஒவ்வொருவரும், “எனக்கு உன் அன்பு போதும்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சொர்ணம் ஒத்திகையில் இதைப் பிசகாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, “கொயா டீச்சரம்மா?” என்று கேட்டாள். விழா முடிஞ்சதும், என்றார் டீச்சர்.

பெரிய வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, பள்ளி அரங்கத்தில் விழா. மேடையில் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு தண்ணீர் கேன். பிள்ளைகள் மாநகராட்சித் தண்ணீரைத் தொட வேண்டாமென்று பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுத்தது. தண்ணீரை இளஞ்சூடாக்கி, ரோஜா இதழ் போட்டிருந்தார்கள். துணி விலகிய இடத்தில் சொர்ணத்தின் கண் போய் நின்றது.

சிறப்பு விருந்தினர் தி.நகர் ஜவுளிக்கடை அதிபர் சிதம்பரநாதன். கால் துடைக்கும் துண்டுகள் அவர் உபயம். ஒவ்வொரு துண்டிலும் கடையின் பெயர் பூத்தையலில் இருந்தது. “எனக்கு உங்க மதம் பத்தி ஜாஸ்தி தெரியாது” என்று மைக்கைப் பிடித்தார். “ஆனா கால் பிடிக்கிறதுன்னா என்னன்னு நல்லா தெரியும். நாங்க கடையில கஸ்டமர் காலைத்தான் தினம் பிடிக்கிறோம். வித்தியாசம் என்னன்னா, கஸ்டமர் அப்புறம் ஏதாவது வாங்குவாரு. இவங்க எதையும் வாங்கமாட்டாங்கன்னு தெரிஞ்சும் நீங்க பிடிக்கிறீங்களே, அங்கதான் நீங்க நிக்கிறீங்க.”

பிறகு ஃபாதர் பேசினார். “பிள்ளைகளே, நமது மதில் சுவரில் ஒரு பழைய குழாய் இருந்தது. உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். பல ஆண்டுகளாக அதிலிருந்து தண்ணீர் வந்தது. தண்ணீர் மட்டும்தான் வந்தது. இன்று அதே இடத்தில், தாகமாயிருப்பவனுக்குத் தண்ணீர் கொடு என்ற செய்தி வருகிறது. தண்ணீரைக் குடித்தால் மறுபடி தாகமெடுக்கும். செய்திக்கு அந்தக் குறை கிடையாது.” நடுவர் குழுவில் இருந்த மூவரும் குறித்துக்கொண்டார்கள்.

பாடற்குழு பாடத் தொடங்கியது. பிள்ளைகள் வெள்ளை அங்கியில் வந்து முழந்தாளிட்டார்கள். காபி வாசனையோடு சேறு கரைந்தது. பேதுருவாக இருந்த டில்லிபாபு உட்பட எல்லாரும், தங்களுக்கு அன்பு போதும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர்தான் செலவானது. கேன்கள் அப்படியே இருந்தன.

கடைசி நாற்காலி யூதாஸ். அவளுக்கு ஒதுக்கிய பிள்ளை அனுப்ரியா, இரக்கத்தில் தொடர்ந்து ‘ஏ’ கிரேடு வாங்குபவள். சொர்ணத்தின் காலை ஒழுங்காகக் கழுவி, துண்டால் விரலிடுக்குவரை துடைத்துவிட்டு, மைக்கை நீட்டினாள். “அம்மா, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?”

சொர்ணம் வாயைத் திறந்தாள். வசனம் நினைவிருந்தது. அரங்கத்துக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம், குழந்தை அழும் சத்தமும் காதில் விழுந்தது.

“தண்ணி வோணும் கண்ணு” என்றாள். மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. “கைக்கொயந்தைய குளுப்பாட்டணும். ரெண்டு நாளா மேல தண்ணி படல.”

இந்தப் பதிலுக்கு என்ன செய்ய வேண்டுமென்று அனுப்ரியாவுக்கு யாரும் ஒத்திகை கொடுத்திருக்கவில்லை. அவள் ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தாள், டீச்சர் உதட்டில் விரலை வைத்திருந்தார். அவள் கேனைப் பார்த்தாள். துணியை எடுத்துவிட்டு, “இது போதுமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது.

“போதும் தாயி.” சொர்ணம் எழுந்து, கேனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். பேதுரு எழுந்து தன் கேனைத் தூக்கினான். பிறகு யோவான், அந்திரேயா. திருத்தூதர்கள் பன்னிருவரும் தண்ணீர் கேன்களோடு நடுவழியாக வாசலைப் பார்த்துப் போனார்கள். தளும்பிய தண்ணீரில் ரோஜா இதழ்கள் வழிநெடுக விழுந்தன. கீபோர்டுக்காரர் இது பவனி என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினார். பாடற்குழு பிடித்துக்கொண்டது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மேடையில் ஃபாதர் ஜெசிந்தா டீச்சர் பக்கம் சாய்ந்தார். “இது நம்ம ஸ்கிரிப்ட்ல இருந்ததா?”

“இல்ல ஃபாதர்.”

“இருந்ததுன்னு சொல்லுங்க.”

நடுவர் குழுத் தலைவர் கண்கலங்கியிருந்தார். கேடயம் கிடைத்துவிட்டது. அதே நேரத்தில் மதிலுக்கு வெளியே, நீலத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில், கால் நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைக் கிடத்தி, சொர்ணம் இளஞ்சூட்டுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். குழந்தையின் வயிற்றில் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டது. அது அழுகையை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டது.

மறுநாள் கேன் கம்பெனி வண்டி வந்து காலி கேன்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. திங்கட்கிழமை சொர்ணம் ஃபாதரிடமே போய் நின்றாள். “விழா முட்ஞ்சதும் கொயா வெக்கறன்னாங்க சாமி.”

ஃபாதர் வருத்தத்தோடு சிரித்தார். “அந்தச் சுவர் இப்ப பரிசு வாங்கின சுவரும்மா. அதுல ஒரு ஆணி அடிச்சாலும் கேடயத்தைத் திரும்பக் கேப்பாங்க. உங்க தார்ப்பாய் ஆணியையே நாங்க பெருந்தன்மையா விட்டுவெச்சிருக்கோம்.” அந்த வாரமே சித்திரத்துக்குக் கீழே, குழாய் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்தார்கள். ‘தண்ணீர் தந்த பள்ளி’ என்று அதில் எழுதியிருந்தது. அதைப் பதிக்கச் சுவரில் நாலு துளை போட்டார்கள்.

அடுத்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. சொர்ணத்தின் பேத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். சொர்ணம் தினமும் மெயின் ரோட்டைக் கடந்து தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விழா ஏற்பாடுகளில் இம்முறை ‘தண்ணீர்ப் பவனி’ என்ற அங்கம் புதிதாகச் சேர்ந்திருந்தது. பன்னிரண்டு பேரும் குடங்களைச் சுமந்து நடுவழியாகப் போக வேண்டும், பாடற்குழு பாட வேண்டும், அரங்கம் எழுந்து நிற்க வேண்டும். விழாவன்று காலை ஜெசிந்தா டீச்சர் யூதாஸ் பட்டையோடு பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டார்.

“கொடத்துல தண்ணி கீதா டீச்சரம்மா?”

“இல்ல சொர்ணம்மா. போன வருஷம் சிந்தி, அரங்கத்து மரத்தரை உப்பிப்போச்சு. இது தெர்மக்கோல் குடம். வெயிட்டே இருக்காது. ஒரு அடையாளம்தானே.”

சொர்ணம் காலிலிருந்த ரப்பர் செருப்புகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு லாரி வர்ற நேரம். காலு தொட்டிக்குப் போவுது. இத வெச்சிக்கோங்க, இதுவும் என்கூட நடந்ததுதான். கழுவிட்டு தனபாலு கையில குட்த்துடுங்க.”

இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய்விட்டாள். வேறு ஆள் தேட நேரமில்லை. நடுவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஜெசிந்தா டீச்சர் ஃபாதரிடம் கேட்டார், ஃபாதர் சற்றே கண்ணை மூடிச் சிந்தித்துவிட்டு, சரியென்றார். பன்னிரண்டாவது நாற்காலியில் பட்டையைச் சாத்தி, அதன் முன்னால் செருப்புகளை வைத்தார்கள். வெள்ளை அங்கியில் வந்த மாணவி முழந்தாளிட்டு அவற்றைக் கழுவி, ஜவுளிக்கடைத் துண்டால் ஒற்றி, “அம்மா, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்று மைக்கில் கேட்டாள். செருப்புகள் எதையும் கேட்கவில்லை. இதுவரை நடந்ததிலேயே மிகவும் ஒழுங்கான விழா இதுதான் என்று நடுவர் குழு பாராட்டியது. வரும் ஆண்டிலிருந்து பன்னிருவருக்கும் இதே முறையைப் பின்பற்றலாமா என்று சிஸ்டர் அமலோற்பவம் ஆலோசித்து வருகிறார்.

தனபாலன் செருப்புகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது, சொர்ணம் இன்னும் தொட்டியின் முன்னால் வரிசையில் நின்றிருந்தாள். செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். ஈரம் சில்லென்றிருந்தது.

“எவ்ளோ தண்ணி ஊத்துனாங்கோ தனபாலு?”

“ஒரு கேன் முச்சூடும் ஊத்திட்டாங்கக்கா. வீடியோக்காரு திருப்பித் திருப்பிக் கழுவச் சொன்னாரு.”

முன்னாலிருந்தவள் நகர்ந்தாள். சொர்ணம் குடங்களைக் காலால் தள்ளிக்கொண்டு ஒரு அடி முன்னே போனாள்.